மார்கரெட் டீச்சரின் காதும் அறுபத்து நான்கு பிட்டும்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே காது மெஷின் கடை வைத்திருக்கும் திருநாவுக்கரசுவிடம் வருகிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அவர் மட்டும் மெதுவாகப் பேசுவார். குரலை உயர்த்தினால் தொழிலுக்கே அவமானம் என்பது அவர் கட்சி.

போன வாரம் மகன் ஆதித்யா, கடையின் பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி வைத்தான். பழையது முப்பத்திரண்டு பிட் ரகம். இது அறுபத்து நான்கு. பழையதோடு அப்பா படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் செய்த நல்ல காரியம். நல்ல காரியத்தைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

சனிக்கிழமை மார்கரெட் டீச்சர் வந்தார். கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றவர், சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர். ரிப்பேருக்குப் போன அவருடைய மெஷின், அவர் காதுக்கென்று உள்ளே ஏற்றியிருந்த அளவெல்லாம் அழிந்து திரும்பியிருந்தது. அன்று சாயங்காலம் பாட்டுப் பயிற்சி.

டீச்சரின் காதுக்கான அளவு திரையில் வளைகோடாக அழகாகத் திறந்தது. அதை மெஷினில் ஏற்றும் சின்னப் பெட்டியைத்தான் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. திருநாவுக்கரசு மகனுக்குப் போன் போட்டார்.

“புரோகிராம் பழசுன்னாலும் ஓடும்ப்பா. பெட்டிய கம்ப்யூட்டரோட பேச வைக்கிற டிரைவர் புரோகிராம்தான் ஓடாது. அறுபத்து நாலுக்குத் தனியா எழுதணும். கம்பெனிக்காரன கேளு.”

“அவன் கடைய மூடிகினு எப்பவோ பூட்டான்டா, நைனா.”

“அப்ப பழைய சிஸ்டத்துல...”

“அதத்தான் நீ குட்துட்டியே.”

திருநாவுக்கரசு போனை வைத்துவிட்டு டீச்சரிடம் திரும்பினார்.

விஷயத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். டீச்சர் படித்துவிட்டு, மின்சார ரயிலையும் தாண்டிக் கேட்கும் குரலில் சொன்னார்: “அறுபத்து நாலுல முப்பத்திரண்டு ரெண்டு தடவ போகுமே சார். உங்களுக்கு ஒரு தடவகூடப் போகலியா?”

வேறு வழியில்லாமல் அளவு ஏற்றாத மெஷினையே மாட்டிவிட்டார். டீச்சர் முகம் சுளித்தார். “எல்லாம் கேக்குது. ஒண்ணுமே புரியல.” கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். “நீங்க வாங்க. பக்கத்துல நின்னு, யார் சுருதி விலகுறாங்கன்னு கை காட்டுங்க.”

“எனக்குப் பாட்டுன்னா இன்னான்னே...” என்று வழக்கம்போல் மெதுவாக ஆரம்பித்தார். டீச்சர் அதற்குள் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டிருந்தார்.

சாயங்காலம் குழு பாடியது. முதல் அடி முடிந்ததும் டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். திருநாவுக்கரசுவுக்குக் குறையே இல்லாத காது. ஓர் எழுத்து விடாமல் கேட்டிருந்தது. சரியா தப்பா என்பதுதான் தெரியவில்லை. டீச்சர் காத்திருந்தார். பாடகர்களும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.