இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு தூண்

முதுநகர் வீட்டை அளந்த அன்று என் கணக்கில் இரண்டடி காணாமல் போனது.

சின்ன மாமாவின் வீடு அது. சரியாகச் சொன்னால் பாதி வீடு. மறுபாதியில் பெரிய மாமா. நான் பிறக்கும் முன்பே பாகம் பிரிந்து, பேச்சும் நின்றுவிட்டது. சின்ன மாமா பக்கம் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. இடித்துவிடலாம் என்று முடிவெடுத்து, திங்கட்கிழமை ஆள் வரச் சொல்லியிருந்தார். பழைய வீடு என்றால் சோற்றை மறக்கிறவன் நான். எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று சனிக்கிழமை காலையே சிதம்பரத்தில் ரயிலேறிவிட்டேன், டேப்போடு.

இரண்டு பக்கமும் உள்ளே அளந்தேன். சுவர்களின் கனத்தையும் சேர்த்தேன். தெருவில் நின்று முகப்பை அளந்தால் இரண்டடி ஜாஸ்தி. மூன்று முறை அளந்தும் அதேதான். உப்புக் காற்றில் டேப் நடுங்கியது. வீடு என்னிடம் எதையோ சொல்லாமல் வைத்திருப்பது போலிருந்தது.

சின்ன மாமா சிரித்தார்.

“பொதுச் சுவரு வேணாம்னு முத்தத்துல ஆளுக்கு ஒண்ணு கட்டிக்கிட்டோம். நடுவுல கெடக்கறது யாருக்கும் இல்ல.”

எனக்குப் பளிச்சென்றது. திறந்த முற்றம். இத்தனை வருட மழையும் அந்தச் சந்தில் விழுந்து, போக வழியின்றி இரு சுவர்களிலும் ஊறியிருக்கிறது. வழி திறந்துவிட்டால் வீடு நிற்கும். ஆனால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

பெரிய மாமாவிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பீரோவை நகர்த்திக் காட்டினார். பின்னால் அதே ஓதம்.

“அவன் இடிச்சா எம்பக்கம் நிக்குமான்னு ஒரு வார்த்த கேட்டானா?”

அதை அப்படியே வந்து சொன்னேன். சின்ன மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றார். பெரிய மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வெறுங்கையோட வந்துட்டியா? கடப்பாரை எங்க?”

மறுநாள் ஆளுக்கொரு பக்கம் நான்கைந்து செங்கற்களைப் பெயர்த்தார்கள். உள்ளே பாசி படிந்த பச்சை வெளிச்சம். மண்ணில் பெரணிச் செடிகள். நடுவில் பழைய முற்றத்தின் தூண் ஒன்று, யாரும் தொடாத நீலப் பூச்சோடு. தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம்.

என் கை தானாக டேப்பை இழுத்தது, தூண் யார் பாகத்தில் வருகிறதென்று பார்க்க.

“அத மட்டும் அளக்காத” என்றார் சின்ன மாமா.

திங்கட்கிழமை வந்த ஆளுக்குத் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டுகிற வேலை கிடைத்தது.