சாக்கின் அடியில் சிவந்த அரிசி

உமிக்குள் அரிசியை வைத்தவனே, அரிசிக்குள் பசி தீர்க்கும் அருளை வைத்தவனே, உன் திருவடிக்கு முதல் வணக்கம். என் சொல்லில் கோபம் இருக்கிறது; அதையும் ஒரு மலராக ஏற்றுக்கொள்.

இன்று ஐப்பசித் திங்களின் நிறைமதி; சோற்றால் உன் திருமேனியை மூடி வணங்கும் அன்னாபிஷேக நன்னாள். அரிசியைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் ஏது?

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற நகர்ப்பகுதியில் தனியாக வாழ்பவள் நான். பணியில் இருந்த காலமெல்லாம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அரிசியைச் சோதித்தேன். காரநீரில் ஊறிய மணி எவ்வாறு விரிகிறது, அயோடின் பட்டால் எவ்வளவு நீலம் ஏறுகிறது என்று பார்த்து, பாஸ்மதி என்று வந்தது பாஸ்மதிதானா என்று சொல்வது என் வேலை. என் தங்கை கிள்ளானில் ஒரு சிவன் கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவள். கணவர் மறைந்த பின் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த அடுப்பு ஒன்றுதான்.

ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு அவள் செய்த புளியோதரை குழைந்துவிட்டது. கோயிலுக்கு அரிசி தரும் வணிகர் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அரிசி சரியில்லை என்று அவள் மெல்லச் சொன்னதுதான் தாமதம், கோயில் முழுக்கக் கேட்க அவர் சொன்னார்:

“அக்கா, அரிசி மேல பழி போடாதீங்க லா! ஒரு வருசம் வச்ச பழைய பச்சரிசி இது. உங்களுக்குத்தான் கை தளந்து போச்சு. பேசாம வீட்டுல உக்காந்து சீரியல் பாருங்க.”

கூட்டம் சிரித்தது. அவள் மடைப்பள்ளிச் சாவியைக் கோயில் தலைவரிடம் கொடுத்துவிட்டு வெளியேறினாள். அதன் பிறகு வீட்டிலும் சோறு வடிக்கவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றாள்.

அந்தப் புளியோதரையை நானும் வாயில் வைத்துப் பார்த்திருந்தேன். ஒரே கவளத்தில் சில மணிகள் கூழாகவும் சில மணிகள் விறைப்பாகவும் இருந்தன. சமைப்பவள் கை தவறினால் எல்லா மணியும் குழையும். பாதி மட்டும் குழைந்தால் அங்கே இரண்டு அரிசி இருக்கிறது. பழையதில், விலை மலிந்த, சீக்கிரம் குழையும் புதியதைக் கலந்திருக்கிறார்கள்.

நான் சண்டைக்குப் போகவில்லை. முப்புரம் எரித்தபோது நீ சிரித்தாயாமே, அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு கொடு என்று மட்டும் நாள்தோறும் வேண்டினேன். நவராத்திரிக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் அந்த வணிகர் மூட்டைகளுக்கு மாலை சாத்தி, அதே கூட்டத்தின் முன் கோயிலுக்கு வழங்குவார். “அவருடைய அரிசியின் தரத்தைப் பக்தர்களுக்குச் செய்து காட்டட்டுமா?” என்று தலைவரைக் கேட்டேன். தலைவர் மகிழ்ந்தார். வணிகர் அவரைவிட மகிழ்ந்தார்.

அரிசி மண்டியில் மூட்டையைப் பிரிக்காமலே உள்ளிருந்து மணி எடுக்கக் குத்தூசி என்ற இரும்புக் கருவி உண்டு. ஒன்றை இரவல் வாங்கி, துண்டில் சுற்றி, கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். “ஆன்டி, சாமி வேலா?” என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். “ஆமாம்மா, வேல்தான்” என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

மண்டபத்தில் கண்ணாடிக் கிண்ணங்களை வைத்து முறையை விளக்கினேன். புது அரிசியில் ஒரு நொதி இன்னும் உயிர்ப்போடு இருக்கும். குவையக்கால் என்னும் வேதிக் கரைசலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பட்டால் அந்த மணி செம்பழுப்பாகும். பழைய அரிசியில் நொதி அடங்கிவிடும். மணி வெள்ளையாகவே கிடக்கும்.

“என்ன ஆன்டி, கோயிலுக்குள்ள லேப் தொறந்துட்டீங்களா? போடுங்க, போடுங்க. என் அரிசி வெள்ளையாதான் இருக்கும்” என்று அவரே மூட்டையைப் பிரித்து மேலிருந்து ஒரு பிடி அள்ளித் தந்தார்.

மருந்தை விட்டேன். மணிகள் வெள்ளையாகவே கிடந்தன. கூட்டம் கைதட்டியது. அவர் ஒலிவாங்கியை எடுப்பதற்குள் நான் குத்தூசியை எடுத்தேன்.

“ஆன்டி, அடியில வேண்டாம். சாக்கு கிழிஞ்சிரும்.”

“கிழியாது தம்பி. ஊசிதானே.”

சாக்கின் அடியிலிருந்து வந்த மணிகளை இரண்டாம் கிண்ணத்தில் இட்டு அதே மருந்தை ஊற்றினேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளை மணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சிவக்கத் தொடங்கின. கிண்ணத்தைத் தட்டில் ஏந்தி வரிசை வரிசையாகக் காட்டினேன்.

“பாஸ், கேசரிப்பவுடர் போட்டீங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இம்முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது.

அவர் என் காதருகே குனிந்தார். “உள்ள போய்ப் பேசிக்கலாம் ஆன்டி.”

“என் தங்கச்சிய வெளியில வச்சுத்தானே பேசுனீங்க? வெளியிலயே பேசுங்க. அதே மைக்குல.”

தனக்கு அரிசி அனுப்பியவர்கள் செய்த தவறு என்றார். நான் அடுத்த மூட்டைக்கு நகர்ந்தேன். ஒரு மூட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்கு அறிவித்தேன். முறை அதுதான். ஆனால் அந்த இரண்டாம் கிண்ணம் சிவந்தபோதே எனக்குப் போதுமான அளவு தெரிந்துவிட்டது. மற்ற மூட்டைகளை நான் குத்தியது அறிவுக்காக அன்று. ஒவ்வொரு குத்தும் இனித்தது.

கடைசி மூட்டைக்கு முன் அவர் உடைந்தார். “அக்கா கை தளரல. அரிசிதான் கலந்திருக்கு. பழச நான்தான் மேல போட்டேன்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

நான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்த என் தங்கை, தூணருகிலிருந்து வந்து தலைவரிடம் கையை நீட்டினாள். சாவி கைக்கு வந்ததும் வணிகரைப் பார்க்கவே இல்லை. “இந்த மூட்டைய எல்லாம் வெளிய தூக்குங்க. வேற அரிசி வர்றதுக்குள்ள நான் புளிக்காய்ச்சல வச்சிடுறேன்” என்று உள்ளே போனாள்.

சென்ற வாரம் அந்த வணிகர் பழத்தட்டோடு என் வாசலில் நின்றார். “மன்னிச்சிருங்க ஆன்டி. மத்த கோயில்லயும் என் அரிசிய வேணாங்கிறாங்க.”

“அவகிட்ட போய்க் கேளுங்க. அவ மன்னிச்சாலும் நான் மன்னிக்கல” என்று கதவைச் சாத்தினேன். பிறகு பூசையறையில் அமர்ந்து நெஞ்சைத் துழாவிப் பார்த்தேன். இரக்கம் அகப்படவில்லை. ஐயனிடம் அதை மறைக்கவும் இல்லை.

இதைப் படிக்கும் அனைவர் வீட்டிலும் பானை நிறையட்டும். சோறு உதிரியாக மலரட்டும். உங்கள் மேல் யாரேனும் பொய்ப்பழி ஏற்றினால், எந்தக் கூட்டத்தின் முன் ஏற்றினார்களோ அந்தக் கூட்டத்தின் முன்னே, தங்கள் வாயாலேயே அதை இறக்கிவைக்கட்டும். அதைக் காண ஐயன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.