காய்கறிச்சல்

எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய். கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் பேர் சொல்லவேண்டும், இதற்கு வேண்டாம். போடிநாயக்கனூர் டீக்கடையில் ஒருவர் "காய் என்ன வெல போகுது?" என்று கேட்டால், அவர் சாம்பார் வைக்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் என் முதல் புத்தகத்தை எழுதி முடித்தேன்.

மலைமேல் கேரளப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பறித்த காயை எடைபோட்டு எழுதுவது என் வேலை. காலையில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு தாண்டும்வரை பேச்சுத்தான். மாமியார் சண்டை, மகளின் காதல், வேலை வாங்கும் கங்காணியின் தொப்பை, எதையும் விடமாட்டார்கள். அதையெல்லாம் போனில் தட்டித் தட்டிக் கதைகளாக்கினேன். பாதிக்கு மேல் என் அம்மாவின் பேச்சு. முழங்கால் மக்கர் செய்யும்வரை அவளும் அந்த ஜீப்பில் போனவள்தான்.

"நான் பேசுறதெல்லாம் ஒரு பேச்சா? அதப் புக்குல போட்டா எவன் படிப்பான்?" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைச் சீண்டிவிட்டது. அவள் பேச்சை அவள் பேசியபடியே அச்சில் காட்டிவிடவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு பிறந்தது. பரிசு, பாராட்டெல்லாம் அப்புறம்.

வீம்பு மட்டும் இருந்தால் புத்தகம் வந்துவிடுமா? முதலில் அனுப்பிய பதிப்பகம் வாயே திறக்கவில்லை. அடுத்தது, கதைகள் நன்றாக இருக்கின்றன, வட்டார வழக்குத்தான் அதிகம் என்று எழுதியது. உப்புமா நன்றாக இருக்கிறது, ரவைதான் அதிகம் என்பதுபோல. இன்னொன்று, பிரதிகளில் பாதியை நானே வாங்கிக்கொண்டால் போடலாம் என்றது. வாங்கி என்ன செய்வது, தார்ப்பாய்க்குப் பதிலாக ஜீப்பின்மேல் போர்த்துவதா?

சலித்துப்போய் விட்டுவிட்ட நேரத்தில் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதை நடத்தும் அம்மையாரே பேசினார். "போடறோம்" என்றார். நான் அப்போது ஸ்டோரில் இருந்தேன். காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் அப்படித்தான் சொல்வோம். அப்படியே எடை மெஷின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "சேச்சி, எறங்குங்க. காயோட சேந்து உங்க எடையும் ஏறிரும்" என்றார் கங்காணி. அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

'போடறோம்' என்பதற்கும் 'போட்டாச்சு' என்பதற்கும் நடுவில் எத்தனை மழை பெய்யும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜீப்பில் கேலி தாங்கவில்லை. "என்னத்தா, ஒம் புக்கு இன்னும் பச்சையாத்தான் கெடக்கா? ஸ்டோர்ல போட்டு ஒலத்திரலாமா?" என்பாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் மட்டும் பயம்.

ஒருநாள் வேலை முடிந்து ஜீப்பில் மலையிறங்கும்போது, பிழை பார்த்துத் தருவதற்காக மொத்தப் பக்கங்களும் போனுக்கு வந்து சேர்ந்தன. ஆவலாகத் திறந்தேன். 'விடிவதற்குள் பெண்கள் காய்கறி எடுக்கக் கிளம்பினார்கள்' என்று தொடங்கியது என் முதல் கதை. மலைச்சரிவு முழுக்கக் காய்கறிச் செடி. ஸ்டோரில் காய்கறி உலரும் வாசனை. கொடியில் போட்ட சேலை காய்கறிந்துவிட்டது. ஜீப்பில் வரவேண்டியவள் வரவில்லை, ஏனென்றால் பிள்ளைக்குக் காய்கறிச்சல்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தினேன். ஆடு கீடு அடிபட்டுவிட்டதோ என்று டிரைவர் பதறி நிறுத்தினார். நல்லவேளையாக அந்த வளைவில் சிக்னல் கிடைக்கும். பதிப்பகத்தின் பிழைதிருத்துபவருக்குப் போன் போட்டேன். ஜீப்பே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"மேடம், எந்தக் காய்னு நீங்க எங்கயுமே எழுதல. வாசகருக்குக் குழப்பமாயிடும். அதான் காய்னு வர்ற இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே தட்டா காய்கறினு மாத்திட்டேன்" என்றார் அவர்.

"அந்த ஒரே தட்டுல பிள்ளைக்குக் காய்கறிச்சல் வந்துருச்சு சார்!"

அந்தப் பக்கம் குபீரென்று சிரிப்பு. இந்தப் பக்கம் ஜீப்பு குலுங்கியது. இதற்குமேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. யோசித்தால் அவர் சொன்னதும் நிஜம். புத்தகம் முழுக்க ஏலக்காய் என்ற சொல்லை நான் ஒரு இடத்தில்கூட எழுதியிருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரிதான் இப்படிக் கோட்டைவிட முடியும்.

மறுநாள் பதிப்பாளர் அம்மையார் கூப்பிட்டார். "எல்லா இடத்துலயும் ஏலக்காய்னு போட்டுட்டா வேலை முடிஞ்சுது இல்லையா?" என்றார். முடியாது என்றேன். என் அம்மா ஒருநாளும் 'ஏலக்காய் எடுக்கப் போறேன்' என்று சொன்னதில்லை. அப்படிப் போட்டால் பேசுவது வேறு யாரோ. சொல்லிவிட்டேனே தவிர, அப்படியானால் உங்கள் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"சரி, காயாவே இருக்கட்டும். முதல் கதையில மட்டும் ஒரு வரி சேருங்க, எங்களுக்காக."

நியாயமான பேரம். 'இங்கே காய் என்றால் ஏலக்காய். மற்றதற்குத்தான் பேர் வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது பார்த்தால் அந்தக் கதையிலேயே நல்ல வரி அதுதான். அவர்கள் கறியை எல்லாம் எடுத்தார்கள். எடுத்த வேகத்தில், போடி சந்தைக்கு நிஜமாகவே காய்கறி வாங்கப் போன ஒருத்தியும் காய் வாங்கப் போய்விட்டாள். அதையும் பிடித்துத் திருத்தினேன். கண் வலிக்க வலிக்கத் திரும்பப் படித்து, இனி ஒரு பிழை கிடையாது என்று எழுதியும் கொடுத்தேன்.

ஆசிரியருக்கான பிரதிகள் லாரி பார்சலில் வந்தன. ஜீப் டிரைவர் அண்ணன் அதை வாங்கி ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து இறக்கியதால் பெட்டியெல்லாம் காய் மணம். அட்டையில் என் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சத்தம் போட்டு ஆடவேண்டும் போலிருந்தது. ஆடவும் செய்தேன்.

அம்மா கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு உட்கார்ந்தாள். எழுத்துக்கு அடியில் விரல் வைத்து உரக்கத்தான் படிப்பாள்.

"மலையும் அங்கனதான் இருக்கும், காயும் அங்கனதான் இருக்கும். ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டு ஏறுவோம்." விரல் நின்றது. "இது நான் சொன்னதுல்ல?"

"நீ சொன்னதுதான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே படித்தாள். எனக்கு அந்த நிமிஷம் போதுமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரல் நின்றது.

"ஏத்தா, இதென்ன காய்கறிச்சலு?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வரிக் கடைசியில் 'காய்க', அடுத்த வரித் தொடக்கத்தில் 'றிச்சல்'. சொல் இரண்டாக உடைந்திருந்ததால் கம்ப்யூட்டரும் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. எல்லாப் பிரதியிலும் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்த கூத்தையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கொண்டா அந்தப் பேனாவ."

பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். முன்பு வீட்டில் சொத்தைக் காய் பொறுக்க உட்கார்வாளே, அதே சம்மணம். ஒவ்வொரு பிரதியாக அந்தப் பக்கத்தைப் பிரித்து, மேல்வரியில் 'க'மேல் ஒரு கோடு, கீழ்வரியில் 'றி'மேல் ஒரு கோடு போட்டாள்.

"எவன் படிப்பான்னு கேட்டியேம்மா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "வெரசா அடுத்ததக் கொண்டா. எம் பேச்சுல கறி கெடந்தா படிக்கிறவுக என்ன நெனப்பாக?"

அடுத்த பிரதியைப் பிரித்துக் கொடுத்தேன்.