விழுந்த கை கீறிய சனங்கள்

முதலில் நாக்கில்தான் தெரிந்தது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சூப்பியதுபோல ஒரு சுவை. மீன் குழம்பிலும் அதுதான், வெறும் தேத்தண்ணியிலும் அதுதான். என் மனைவி செலின் உப்புக் கூடவா குறைவா என்று கேட்டுக் களைத்துப்போய், "உங்கட நாக்கைத்தான் மாத்த வேணும்" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு வயிறு. ஈரத் துணியைப் பிழிவதுபோல உள்ளே யாரோ முறுக்கினார்கள். மலம் போகாது. அதற்கும் பிறகு கோபம் வந்தது. நான் பயந்தவன், கோபக்காரன் அல்ல. ஆனால் அந்த நாட்களில் ஒரு கரண்டி விழுந்தாலும் கத்தினேன்.

ஒரு காலையில், கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். தூரிகை நழுவி மணலில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். வலது கை மணிக்கட்டில் மடிந்து கீழே தொங்கியது. அறுத்த கோழியின் கழுத்து அப்படித்தான் தொங்கும். தூக்கு என்று சொன்னேன். அது கேட்கவில்லை.

ஓலைத்தொடுவாயில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதும், கோவில் நாடகங்களுக்குச் சீன், அதாவது மேடையின் பின்திரை, கீறுவதும் (வரைவதும்) என் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெயர் எழுதுவேன், கதை எழுத எனக்குக் கை வராது. இருந்தும் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு கை விழுந்திருக்கலாம், அந்தக் கையால் நீங்கள் ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்திருக்கலாம். உங்களிடம் ஒன்றுதான் முதலில் சொல்வேன். "மனசைத் தளர விடாதை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை வாசலோடு நிறுத்துங்கள். தளர்ந்தது மனம் அல்ல, மணிக்கட்டு.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சென்றி (படையினரின் சோதனைச் சாவடி). எல்லோரும் பஸ்ஸால் இறங்கி, வரிசையில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி நடக்க வேண்டும். நானும் தூக்கினேன். இடது கை நிமிர்ந்தது. வலது கை தோள்வரைக்கும் வந்து, மணிக்கட்டில் மடிந்து, அந்தச் சிப்பாயைப் பார்த்துத் தலையாட்டியது.

"கை தூக்கு! சரியாத் தூக்கு!" என்றான் அவன்.

"லெட, சேர், லெட" என்று செலின் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினாள். வருத்தம், அதாவது நோய், என்று அர்த்தம்.

அவன் துவக்கின் (துப்பாக்கியின்) முனையால் என் கையை நிமிர்த்தினான். முனையை எடுத்தான். கை விழுந்தது. திரும்பவும் நிமிர்த்தினான். விழுந்தது. பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் ஒரு தடவை செய்து பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற சனம் முழுவதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் துவக்கைவிட என் கையைத்தான் அன்றைக்கு நான் கூடுதலாக வெறுத்தேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வாயைத் திறவுங்கோ" என்றார். ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு ஓடுகிறது என்றார்.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

"கீறுவன், டொக்டர்."

"பிரஷை எப்பிடிக் கூராக்குவீங்கள்?"

நான் யோசிக்க முந்தி செலின் சொன்னாள்: "வாயில வச்சுத்தான் டொக்டர். கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நானும் சொல்லுறன். தேத்தண்ணி குடிக்கிற வாயோ அது?"

எங்கள் பக்கம் சீன் கீறுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். கண் இமைக்கும் இலை நுனிக்கும் மயிரளவு கோடு வேண்டும். தூரிகை நுனியை உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். முன்பு கடைச் சாயம் இருந்தது. சண்டையால் பாதை பூட்டிய பிறகு அது வரவில்லை. வள்ளத்து இரும்புகளுக்குத் துருப்பிடிக்காமல் பூசும் சிவப்புத் தூள் ஒரு பழைய பீப்பாயில் கிடந்தது. அதைப் பிசின் தண்ணீரில் குழைத்தேன். நல்ல சிவப்பு. யேசுவின் மேலங்கிக்கு அதைவிடத் திறமான நிறம் நான் கண்டதில்லை. அதைத்தான் இவ்வளவு காலமும் தின்றிருக்கிறேன்.

வருத்தத்தின் பெயர் ஈய நஞ்சேற்றம் (ஈயம் உடம்பில் சேர்ந்து இரத்தத்தையும் நரம்பையும் கெடுப்பது). கைக்கு வந்தது மணிக்கட்டு வீழ்ச்சி (கையை மேலே நிமிர்த்தும் நரம்பு செயலிழப்பது). வயிற்று முறுக்கும் கோபமும்கூட அதன் வேலைதான் என்றார் டொக்டர்.

"கை எழும்புமோ, டொக்டர்?"

"எழும்பலாம். மாதக்கணக்கில எடுக்கும். முழுசா வரும் எண்டு நான் சொல்லமாட்டன்."

பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசி மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. எழுதிக் கேட்டார்கள். பாதி மருந்துதான் வந்தது. மீதிக்கு என்ன நடந்தது என்று கேட்க அந்தக் காலத்தில் ஒருவருக்கும் வாய் இல்லை. சிம்பு (கையை நேராக வைத்துக் கட்டும் தட்டை) ஒன்று கட்டி, அந்தத் தூளை இனித் தொடவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊரில் எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. பரிசுத்த படம் கீறுகிற கையால் வள்ளத்துக்கும் பூசினான், அந்தக் குற்றம் என்றார் ஒருவர். யாரோ சூனியம் செய்து மருந்து வைத்துவிட்டார்கள், அதை எடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வேலைக்குக் கள்ளம் என்றும் சிலர். நான் இராமுழுதும் வேறு பயங்களைப் பயந்துகொண்டு கிடந்தேன். செலினுக்கும் ஈயம் ஏறியிருக்குமோ என்று தினமும் அவள் ஈறைப் பார்த்தேன். சில நாள் பொறுத்தாள். பிறகு என்னைக் கண்டால் குதிரை மாதிரிப் பல்லைக் காட்டிவிட்டு, "பாத்திட்டீங்களோ? இனி விறகு எடுங்கோ" என்பாள்.

இந்த வருத்தத்தில் ஒரு கொடுமை உண்டு. உணர்ச்சி போகாது. இலையான் (ஈ) வந்து கையில் இருந்தால் அதன் கால்கள் நடப்பது தெரியும். உதற முடியாது. பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் அந்தக் கையைத் திட்டினேன். சோறு ஊட்டி வளர்த்த நாய் கடித்ததுபோல என்று சத்தமாகவே சொல்லித் திட்டினேன். வயிற்று முறுக்கு நின்று, நாக்கு சரிவந்த பிறகும் கத்தினேன். "ஈயம் போயிட்டுது, ஆள் அப்பிடியே இருக்கிறார்" என்று செலின் அயலுக்குச் சொன்னாள்.

தபசு காலம் (உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நோன்பு நாட்கள்) வந்தது. கோவில் மூப்பர் ஒரு கலண்டரோடு வீட்டுக்கு வந்தார். மூப்பர் என்றால் கோவில் காரியங்களைப் பார்க்கும் ஊர்ப் பெரியவர். யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்குக் கல்வாரிச் சீன் வேண்டும். பழைய சீனை முள்ளிக்குளப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு மறைப்புக் கட்டக் கொடுத்தாயிற்று. கீற வேறு ஆளும் இல்லை.

"ஏலாது, அண்ணே. கையைப் பாருங்கோ."

"சிலுவையில அறைஞ்ச கையை நினைச்சுக்கொண்டு கீறு, தம்பி" என்றார்.

அவரை அடிக்கலாம் போல இருந்தது. அதற்கும் கை வேண்டுமே.

நான் எப்படிக் கீறுகிறவன் என்று சொல்ல வேண்டும். கலண்டரில் வந்த படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போடுவேன். துணியிலும் அதே கட்டங்களைப் பெரிதாகப் போடுவேன். ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அப்படியே மாற்றுவேன். கல்வாரி என்றால் ஒரு குன்று, மூன்று சிலுவை, இரண்டு பக்கமும் ஊசிபோல உயர்ந்த மரங்கள். அந்த மரத்தை மன்னாரில் ஒருவரும் கண்டதில்லை. நானாக ஒரு கோடு இழுத்தது இல்லை. இழுத்தால் யாரோ பிழை பிடிப்பார்கள் என்ற பயம். கலண்டரில் பிழை பிடிக்க ஆளில்லை.

மா மூட்டைகளைப் பிரித்துத் தைத்த துணியைக் கோவில் மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். சுண்ணாம்பு, கரி, செம்மண், மஞ்சள், பிசின். வாயில் வைத்தாலும் வயிற்றுப்போக்குத்தான் வரும். சுண்ணாம்படிக்கும் மட்டைத் தூரிகையைச் சிம்போடு சேர்த்துச் செலின் கட்டிவிட்டாள்.

வானம் வந்துவிட்டது. தோளில் பலம் இருந்தது. தோளால் வீசினேன். கரி கறுப்பாகப் பரவியது. கீழே வெள்ளையாக ஒரு வெளி, உப்பு விளையும் தரவைபோல. குன்றும் சிலுவைகளும் ஒருவாறு நின்றன.

மரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அந்த மரத்துக்குக் கோடு கீழிருந்து மேலே போய் நுனியில் சுண்ட வேண்டும். சிம்பைக் கழற்றி மட்டையை விரல்களோடு கட்டிப் பார்த்தேன். மேலே இழுத்தால் கை மடிந்து கீழே விழுந்தது. விழும்போது மட்டை துணியில் பட்டது. ஒரு கட்டையான, கனமான கறுப்புத் தீற்றல். திரும்ப முயன்றேன். திரும்ப விழுந்தது. கோபத்தில் வேண்டுமென்றே அடித்தேன். அடிக்க அடிக்க, கை விழுந்த இடத்திலெல்லாம் ஒரு தீற்றல் நின்றது. குன்றின் அடியில், வெள்ளை வெளியில், ஒன்றன்பின் ஒன்றாக.

செலின் தண்ணி கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

"சென்றியில நாங்கள் நிக்கிற மாதிரியெல்லோ இருக்கு."

நான் அப்போதுதான் பார்த்தேன். சனம். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிலுவையையும் பார்க்காமல் தலை குனிந்து, வரிசையில் நிற்கும் சனம்.

"இதில நான் எது?" என்றாள்.

"அந்தக் கடைசிக்கு முந்தினது."

"நான் இவ்வளவு கட்டையோ? ஒரு பையையாவது தூக்கத் தாங்கோ."

பையைக் கொடுத்தேன். கை விழும்போது சற்றுப் பக்கமாகத் தள்ளினால் பை வந்தது. ஒருத்திக்கு இடுப்பில் பிள்ளை வைத்தேன். ஒருவனுக்குக் கைகளைத் தூக்கி வைத்தேன். கலண்டர் பக்கத்தில் கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்த கோடு எங்கே போகும் என்று தெரியாமல் கீறினேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வேண்டும். இல்லை. பயமாக இருந்தது. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை மூப்பர் வந்து பார்த்தார்.

"தம்பி, கல்வாரிக்குப் போன சனம் முதுகு காட்டிக்கொண்டோ நிண்டது?"

"தெரியாது, அண்ணே. நான் போகேல்ல."

"பகிடி விடாதை. ஆமிக்காரன் வந்து பாப்பான். இது என்னெண்டு கேட்டா யார் பதில் சொல்லுறது? அழிச்சுப்போட்டு மரத்தை வை. கலண்டரில வடிவா இருக்கு."

அவர் சொன்னது ஞாயம். எனக்கும் அதே பயம்தான், அவரைவிடக் கூட. இன்னொன்றும் இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு என் கை எழும்பியிருந்தது. முழுவதும் அல்ல. சிம்பைக் கழற்றி வைத்திருந்தபோது நடுவிரல் அசைந்தது, பிறகு மணிக்கட்டு மெதுவாக, பாரம் தூக்கும் கிழவன்போல நிமிர்ந்தது. செலினுக்கு மட்டும் காட்டியிருந்தேன். ஒரு மரத்துக்கு அது போதும். மேலே போய் நுனியில் சுண்டும் கோட்டை என்னால் இழுக்க முடிந்திருக்கும்.

"ஏலாது, அண்ணே" என்று கையை நீட்டினேன். மணிக்கட்டைத் தொங்கவிட்டேன். "எழும்பாது."

"அப்ப இவ்வளவும் கீறினது காலோ?"

"விழுந்த கைதான்."

செலின் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று மூப்பர் நினைத்தார். அதோடு போய்விட்டார்.

நாடகத்தன்று சீன் ஏறியது. சனம் பார்த்தது. ஒருவரும் நல்லது என்று சொல்லவில்லை. சிலர் எழும்பிப் பின்வரிசைக்குப் போனார்கள். சிலுவைப் பாட்டுக்கு நடுவில் மூன்று ஆமிக்காரர் உள்ளே வந்து சுவரோடு நின்றார்கள். ஒருவன் மேடைக்குக் கிட்ட வந்து கையைத் தூக்கி நின்ற அந்தத் தீற்றலைக் காட்டினான்.

"இது யார்?"

மூப்பர் எழும்பினார்.

"ஜெருசலேம் ஆக்கள், சேர். அந்தக் காலத்து ஆக்கள்."

அவன் சீனைப் பார்த்தான். மண்டபத்தில் நாங்கள் நிலத்தைப் பார்த்தபடி இருந்த விதத்தையும் பார்த்தான். பிறகு வெளியே போனான். மூப்பர் உட்காரும்போது என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. அந்த வருஷம் முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த தபசு காலத்தில் சீன் கேட்டு அவரே வந்தார். கலண்டர் கொண்டுவரவில்லை.

கை இப்போது முக்கால்வாசி. சின்ன விரல் மற்றவற்றுக்குப் பின்னால்தான் வரும். தூரிகை நுனியை ஈரத் துணியில் கூராக்குகிறேன், உதடு இன்னும் தானாகத் திறக்கிறது. முன்பெல்லாம் ஒரு சீன் எப்போது முடியும் என்று கேட்டால் நாள் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பது கைக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

காலையில் கண் விழித்தவுடன் பாயில் கிடந்தபடியே வலது கையை உயர்த்திப் பார்ப்பேன். சில நாள் உடனே நிமிரும். சில நாள் ஆறுதலாக வரும். வந்த பிறகும் உடனே இறக்குவதில்லை. அது அங்கே மேலே நிற்கும், சற்று நடுங்கிக்கொண்டு, யாரும் தூக்கச் சொல்லாமல்.