காதில் அல்ல, கூரையில் இருந்தது கோளாறு

மாமல்லபுரத்தில் ஒரு கிளினிக்கில் காது பரிசோதனை செய்பவள் நான். காது வலியென்று வந்த மீன் விற்கும் செல்வியக்காவுக்கு, சோதித்தபோது மெல்லிய ஒலி எதுவுமே கேட்கவில்லை. "காதுக்கு மெஷின் வைக்கணும்க்கா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மேல ஒரே இரைச்சலா கீது. அதுல இன்னாத்த கேக்கறது கண்ணு?"

எனக்குச் சுரீரென்றது. முந்தைய வாரம் மாற்றிய, கூரைக் குழாய் வழியே குளிர்காற்று அனுப்பும் டக்ட் ஏசியின் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அதை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தேன். ஒவ்வொரு ஒலிக்கும் கை தூக்கினார். வலிக்குச் சொட்டு மருந்தே போதுமாயிற்று.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். "ஏசி மெஷின் பெர்சு, அது காத்து இழுக்கற கூரை ஜன்னல் சின்னது. அதான் கத்துது" என்று அதை அகலப்படுத்தினார். இரைச்சல் அடங்கியது.

இப்போது யாரையும் சோதிக்கும் முன், நானே அந்த நாற்காலியில் ஒரு நிமிடம் கண்மூடி உட்கார்ந்து, அறையில் என்னவெல்லாம் கேட்கிறது என்று கவனிக்கிறேன்.