ஏழாவது காதுக் கவசம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை காலையில் நடந்தது இது. அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை அடிவாரத்தில் ஒரு தனியார் துப்பாக்கி சுடும் கழகம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதுவதற்காகப் போயிருந்தேன்.

மூன்று பக்கம் சுவர், மேலே தகரக் கூரை. திறந்திருந்த நான்காவது பக்கம் வழியாகத்தான் சுடுவார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேடு, அதன் முன்னால் குறிப்பலகைகள். சுவரில் ஆறு ஆணிகள். ஆறிலும் ஹெட்போன் போன்ற காதுக் கவசங்கள் தொங்கின. கழகத்தின் செயலாளர் ஓர் அரிசி ஆலை அதிபர். என்னைப் பார்த்ததும் ஒரு கவசத்தை எடுத்து நீட்டினார்.

"இன்னா மேடம், சும்மா பாத்துக்கினு போயிடலாம்னு வந்தீங்களா? பத்து ரவுண்டு சுட்டுட்டுத்தான் போவணும்."

"மேடம் சுட்டா போர்டுக்கு ஒண்ணும் ஆவாது. பின்னாடி கீற மலைக்குத்தான் ஆபத்து" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

செயலாளர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு பக்கக் கவசத்தைக் கொஞ்சம் தூக்கினேன். அதே நொடியில் பக்கத்தில் ஒருவர் இரட்டைக் குழல் துப்பாக்கியால் சுட்டார். சத்தம் கேட்டது என்று சொல்ல முடியாது. காதுக்குள் கம்பியை விட்டுக் குத்தியது போல இருந்தது. தகரக் கூரை அதை வாங்கி இன்னொரு முறை தலையில் கொட்டியது. அந்தக் காதில் கிளம்பிய "ங்ங்" என்ற ரீங்காரம் மறுநாள் மத்தியானம் வரை ஓயவில்லை.

காதைப் பொத்திக்கொண்டு திரும்பியபோதுதான் அவரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீலப் புடவை. குழல் முனைக்கு நேர் பக்கவாட்டில், ஏழெட்டு அடி தூரத்தில், ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் குறித்தாள்களும் பசை டப்பாவும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் செயலாளர் விசில் அடிப்பார். இந்தப் பெண் போய்ப் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டிவிட்டு வருவார். எட்டு வருடமாக அதுதான் வேலையாம். அவர் காதில் ஒன்றும் இல்லை. முந்தானையைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்தார், அவ்வளவுதான்.

"அவங்களுக்கு ஏன் ஒண்ணும் குடுக்கல?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு விசில் கேக்கணும் மேடம். காத மூடிக்கினா கூப்புட்டா எப்பிடி வருவாங்க?" என்றார் செயலாளர். "அதுவும் இல்லாம, அவங்களுக்குப் பழகிப்போச்சு."

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பதில் நியாயமாகத்தான் பட்டது. அந்த வெட்கத்தை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

என் முறை வந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கச் சுடுவதை நிறுத்தினார்கள். சின்ன ரக ரைபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று குண்டு சுட்டேன். உள்ளங்கை வியர்த்ததால் ரைபிளை மேசை மேல் வைத்துவிட்டு, மற்றவர்களின் கிண்டலுக்குப் பதில் சொல்லியபடி துப்பட்டாவில் கையைத் துடைத்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். மறுபடி எடுத்துத் தோளில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, குறிவளையத்துக்குள் பார்த்தேன். விரல் விசையில் இருந்தது.

வளையம் முழுக்க நீலமாக இருந்தது.

விரலை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. ரைபிளைக் கீழே வைத்துக் கவசத்தைக் கழற்றி எறிந்தேன். அதற்குள் செயலாளர் பாய்ந்து வந்து விசில் அடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அடிவாரம் முழுக்கக் கேட்டிருக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், நிதானமாகப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

வேலையை முடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்ததும் முதலில் கத்தியது நான்தான். "விசில் அடிக்காம ஏன் போனீங்க? காது கேக்காதா உங்களுக்கு?"

அவர் என் வாயையே பார்த்தார். பிறகு தேவைக்கு மேல் உரத்த குரலில், "துப்பாக்கியக் கீழ வெச்சீங்களே மேடம், முடிஞ்சிச்சின்னு பாத்தேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது. விசிலை அவர் நம்பவே இல்லை. சுடுகிறவர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். துப்பாக்கி கீழே இறங்கினால் போவது, ஏறுவதற்குள் வந்துவிடுவது. எத்தனை நாளாக என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"நாளையிலேந்து வராதம்மா" என்றார் செயலாளர். "ஒனக்கு ஒண்ணுன்னா எங்க லைசென்ஸ் போயிடும்."

"இனிமே நல்லா பாத்துக்கினு இருக்கேன் சார்."

"பாக்க வேணாம்மா, கேக்கணும்! செவிட்ட வெச்சிக்கினு ரேஞ்ச் நடத்த முடியுமா?"

ஒருவர் சிரித்தார். அவர் கழுத்தில் காதுக் கவசம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்தப் பெண்ணோடு பஸ் வரும் சாலை வரை நடந்தேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "ஒரு வருசமாவே அப்பிடித்தான் மேடம். பாதர் பிரசங்கம் வெக்கிறது கேக்குது. பூசையில மணி அடிக்கிறது மட்டும் கேக்க மாட்டேங்குது. எல்லாரும் முட்டி போட்டாங்கன்னா நானும் போட்டுடுவேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த வேல போனா திரும்பக் கரும்பு வெட்டத்தான் போவணும். முதுகு தாங்காது. எப்பிடியாச்சும் அவுங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு காது மருத்துவரிடம் அவரை அழைத்துப்போனேன். சோதனை முடிந்து மருத்துவர் காட்டிய வரைபடத்தில், சமமாகப் போன கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல இறங்கியிருந்தது. "வெடிச்சத்தத்துல மொதல்ல போறது கீச்சுன்னு கேக்குற சத்தங்கதான். விசில், மணி, சின்னப் பசங்க குரல். போனது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம்" என்றார்.

விசில் கேட்க வேண்டும் என்பதற்காகக் கழகத்தில் அந்தப் பெண்ணின் காதை மூடவிடவில்லை. மூடாததால் அவர் காதிலிருந்து போனது அந்த விசிலேதான். அப்படிப் போக வைத்தவர்கள், விசில் கேட்கவில்லை என்று அவரை வெளியே அனுப்பினார்கள்.

வரைபடத்தோடு இருவரும் கழகத்துக்குப் போனோம். செயலாளர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"எங்க ரேஞ்சுலதான் போச்சின்னு இன்னா ஆதாரம்? வயசாவுதில்ல? கரும்பு வெட்டுனப்பவே போயிருக்கும்."

"கரும்பு வெட்டினா காது போகுமா சார்?"

"நீங்க பத்திரிகைக்காரங்க. எதையாச்சும் சொல்லுவீங்க."

நான் கோபத்தில் தடுமாற, அந்தப் பெண்தான் வழி சொன்னார். "செவப்புத் துணி ஒண்ணு கம்புல கட்டி வைங்க சார். ஏத்தியிருந்தா ஒக்காந்துக்கினு இருக்கேன். எறக்குனா போறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது."

"கொடி ஏத்துறதுக்கு இது இன்னா கோயில் திருவிழாவா?" என்றார் செயலாளர்.

கட்டுரையை நான் கொடுக்கவில்லை. நடந்ததைச் செய்தியாக எழுதினேன். உள்பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே வந்தது. ஆனாலும் பலன் இருந்தது; அந்தப் பலன்தான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கம்பத்தில் சிவப்புக் கொடி பறந்தது. சுவரில் ஏழாவதாக ஓர் ஆணி அடித்திருந்தார்கள். ஏழாவது காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, நன்றாகப் பின்னால் தள்ளி, சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்திருந்தது வேறொரு பெண்.

"பாருங்க மேடம், இப்ப எல்லாம் பக்கா சேஃப்டி" என்றார் செயலாளர், பெருமையாக.

"கொடி கட்டச் சொன்னவங்க எங்க சார்?"

"அவங்களுக்குத்தான் காது கேக்காதே" என்றார். கொடியைப் பார்க்கக் காது எதற்கு என்று அவருக்கு உறைக்கவே இல்லை. சுற்றி இருந்த படித்தவர்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

அந்த மாதமே கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். முழங்கை வரை கரும்புத் தோகை கீறிய கோடுகள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்கு மேடம் கத்துறீங்க? கிட்ட வந்து மெதுவா சொல்லுங்க, வாயப் பாத்தாப் புரிஞ்சிக்குவேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து, கூப்பிட்டும் ஒருவர் திரும்பவில்லை என்றால் நான் குரலை உயர்த்துவதில்லை. அவர் எத்தனை வருடம், யாருக்காக, எந்தச் சத்தத்தின் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அப்படி உட்கார வைத்தவர்கள் மீது எனக்கு வரும் கோபம் இன்னும் ஒரு துளியும் குறையவில்லை.