வெங்காய லொறியில் எடுத்த பாட்டு

அன்றைக்குத் தம்புள்ளைச் சந்தையில் இருந்தது மாமா, அத்தை, லொறிக்கார அண்ணன். அப்புறம் நான். எனக்குப் பள்ளிக்கூட லீவு.

மாமா ஒரு வேலையில் நிற்கமாட்டார். காலையில் வெங்காயத் தரகு. பகலில் போன் கவர் விற்பார். பின்னேரம் யாருடைய ஆட்டோவையாவது வாங்கி ஓட்டுவார். நாற்பது தாண்டிய பிறகு பாட்டுப் பைத்தியம் பிடித்தது. தானே எழுதி, தானே பாடி யூடியூபில் போடவேண்டுமாம்.

அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஒரு மாசத்துல நூறு தடவையாச்சும் அது ஓடணும். இல்லேன்னா பாட்டைத் தலைமுழுகிட்டு கட்டாருக்கு வேலைக்குப் போங்க."

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் பாடினால் கூரைத் தகரம் எதிரொலிக்கும். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே சத்தம் சுத்தமாக விழும் என்று மாமா கண்டுபிடித்திருந்தார். மூட்டை ஏற்றிய கூண்டு லொறிக்குள் என்னையும் ஏற்றிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினார். நான் போனைப் பிடித்தேன்.

பாதிப் பாட்டில் லொறி கிளம்பிவிட்டது. உள்ளே ஆள் இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. மாமா நிறுத்தவில்லை. போனை ஆட்டாதே என்று கையைக் காட்டினார். நெரிசலில் லொறி ஊர்ந்தது. வெளியே அத்தை கூடவே ஓடிவந்து தகரத்தில் படபடவென்று அடித்தார்.

"நிப்பாட்டுப்பா, உள்ளுக்குப் புள்ளை இருக்கு."

வாசல் கேட்டில்தான் நின்றது. அத்தை வாய்க்கு வந்தபடி ஏசினார். மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாட்டைப் போட்டுக் கேட்டார்.

"இனி எடுக்கத் தேவையில்ல. தாளம் நல்லா விழுந்திருக்கு."

அத்தையின் கூச்சலோடு அப்படியே யூடியூபில் ஏற்றினார்.

அந்த மாதம் அவர் உட்காரவே இல்லை. பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் பாட்டைக் காட்டினார். அத்தையின் குரல் வந்ததும் சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். சாப்பிடும்போதும் எண்ணிக்கையைப் பார்ப்பார். கூடியிருந்தால் இன்னொரு அகப்பை சோறு கேட்பார்.

அத்தை பின்னேரங்களில் தன் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். அங்கேதான் சிக்னல் இழுக்கும். தங்கச்சியோடு பேசப் போவதாகச் சொல்வார். ஒருநாள் பின்னாலேயே போனேன். பேச்சைக் காணோம். போனில் அந்தத் தகரச் சத்தம். முடிந்ததும் திரும்பவும் போட்டார். தான் கத்தியதைக் கேட்பதில் இவருக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

மாதம் முடிந்த அன்று மாமா போனை நீட்டினார். அத்தை அந்தப் பக்கம் திரும்பாமலே எவ்வளவு என்று கேட்டார்.

நூற்றி ஒன்று.